ஷோபனா வீட்டுச் சிற்றெறும்புகள்

அன்றைக்கும் ஐந்து மணிக்கு ஷோபனா அடுப்படி விளக்கைப் போட்டாள். மேடையின் விளிம்பில், ஜன்னல் மூலையிலிருந்து சர்க்கரை டப்பா வரைக்கும், நூல் பிடித்த மாதிரி சிவப்புக் கோடு ஒன்று போய்க்கொண்டிருந்தது. முந்தின நாள் படுக்கப் போகும்முன் சோப்புத் தண்ணீர் தெளித்துத் துடைத்த அதே இடம். சலித்துக்கொள்ளக்கூட அவளுக்குத் தெம்பில்லை. கரித்துணியை நனைத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். துணியில் ஒட்டிய எறும்புகளைக் குழாயடியில் அலசி விட்டாள். மிச்சம் இருந்தவை கொஞ்ச நேரம் திசை தெரியாமல் சுற்றின. டீத்தண்ணீர் கொதிப்பதற்குள் கோடு மறுபடியும் சேர்ந்துவிட்டது.

கறுப்பு எறும்பாக இருந்திருந்தால் அவள் கண்டுகொண்டிருக்க மாட்டாள். பிள்ளையார் எறும்பு தன் பாட்டுக்கு வரும், தன் பாட்டுக்குப் போகும். இவை சிற்றெறும்பு. கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, கடித்தால்தான் தெரியும். சித்திரை வெயிலில் ஒன்றிரண்டாக வந்தவை, ஆடி பிறந்ததும் குடும்பத்தோடு குடியேறிவிட்டன. மஞ்சள் தூளைக் கோடாகப் போட்டுப் பார்த்தாள், அதைச் சுற்றிக்கொண்டு போயின. எறும்பு சாக்பீஸால் மேடை முழுக்கக் கோடு கிழித்தாள், இரண்டு நாள் ஒதுங்கியிருந்துவிட்டு மூன்றாம் நாள் சுவர் வழியாக இறங்கின. சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைத்தாள். அரிசி மூட்டையில் வசம்பைப் போட்டாள். எல்லாம் செய்தாயிற்று. இனிமேல் துடைப்பது மட்டும்தான் பாக்கி என்கிற நிலைக்கு வந்திருந்தாள்.

ஷோபனாவுக்கு நாற்பத்தாறு வயது. ஆர்.கே.பேட்டைக்கு அந்தப் பக்கம் வேர்க்கடலையும் கரும்பும் வைக்கிற குடும்பத்தில் பிறந்தவள். இருபத்தோரு வயதில் டில்லிபாபுவைக் கட்டிக்கொண்டு திருத்தணிக்கு வந்தாள். அவர் பொதட்டூர்பேட்டை போகிற தனியார் பஸ்ஸில் டிரைவர். இருபத்திரண்டு வருஷம் அதே ரோட்டில் ஓட்டினவர். எந்தப் பள்ளத்தில் எந்தப் பக்கம் ஒடிக்க வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார் என்று கண்டக்டர்கள் பேசிக்கொள்வார்கள். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் நின்றுகொண்டிருக்கும்போது வலது கையிலிருந்து கிளாஸ் நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வாதம் இன்னும் பத்து நிமிஷம் கழித்து வந்திருந்தால் ஐம்பது பேரோடு ரோட்டில் இருந்திருப்பார். எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். தெய்வம்தான் காப்பாற்றியது என்றார்கள். ஷோபனாவும் ஆமாம் என்று தலையாட்டினாள்.

வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. நினைவு மட்டும் தெளிவாக இருந்தது. யார் வந்தாலும் தெரியும், சொன்னால் புரியும், பதில் மட்டும் வாயில் உருவாகி வராது. ‘ஆங்’ என்பார், ‘வேணா’ என்பார். மற்ற வார்த்தைகள் முதல் எழுத்தோடு தொண்டையில் நின்றுவிடும். ஆரம்பத்தில் ஷோபனா பொறுமையாகக் காத்திருந்து, ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்து, அவர் என்ன கேட்கிறார் என்று கண்டுபிடித்துவிடுவாள். நாளாக ஆக அது குறைந்தது. பசியா, ஒண்ணுக்கா, ஃபேனா என்று மூன்றே கேள்விகளோடு நிறுத்திக்கொண்டாள். அந்த மூன்றும் இல்லையென்றால் ‘அப்புறம் பாக்கலாம்’ என்று போய்விடுவாள்.

அவளையும் குறை சொல்ல முடியாது. மகளிர் குழுவில் இருந்ததால் பள்ளிக்கூடத்தில் காலைச் சிற்றுண்டி சமைக்கிற வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. அவளும் சுதா என்கிற இன்னொருத்தியும் சேர்ந்து அறுபத்துநான்கு பிள்ளைகளுக்கு உப்புமாவோ பொங்கலோ கிளறி, எட்டு மணிக்குப் பரிமாறி, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீடு வர ஒன்பது ஆகும். கிளம்புவதற்கு முன்னால் டில்லிபாபுவைத் துடைத்து, வேட்டி மாற்றி, தலையணையை அண்டக் கொடுத்துச் சாய்த்து உட்கார வைப்பாள். இடது கைக்கு எட்டுகிற ஸ்டூலில் சர்க்கரை போட்ட சத்துமாவுக் கஞ்சியை மூடி போட்ட டம்ளரில் வைப்பாள். வீட்டைப் பூட்டமாட்டாள். கதவைச் சாத்திவிட்டுப் போவாள்.

ஆடிக் கிருத்திகை முடிந்த மறுநாள் அப்படித்தான் போனாள். தெப்பத்துக்காக ஊரில் கூட்டம் இன்னும் கலையவில்லை. காவடி எடுத்து வந்தவர்கள் சரவணப்பொய்கைத் தெரு முழுக்கப் படுத்துக் கிடந்தார்கள். போலீஸ் கயிறு கட்டி வழியைத் திருப்பிவிட்டிருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து சுற்றிக்கொண்டு வந்ததில் பத்து மணி தாண்டிவிட்டது. மஞ்சள் துணியும் மொட்டைத் தலையும் நெருக்கித் தள்ளிய கூட்டத்தில் அவளுடைய செருப்பு வார் அறுந்து, ஒற்றைக் காலில் இழுத்துக்கொண்டே வந்து கதவைத் தள்ளினாள்.

டில்லிபாபு தலையை வலது பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டம்ளர் கட்டிலில் கவிழ்ந்து கிடந்தது. கஞ்சி விரிப்பில் ஊறி, கையின் அடியில் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. விரல் நுனியிலிருந்து முழங்கை வரைக்கும் சிவப்பாக ஏதோ பூசியிருந்த மாதிரி இருந்தது. ஷோபனா கிட்டே போனாள். பூச்சு அசைந்தது.

இடது கை எட்டுகிற மட்டும் அவர் தேய்த்துப் பார்த்திருக்கிறார். அந்தக் கையின் விரல்களெல்லாம் நசுங்கிய எறும்பு. அக்குளுக்குள்ளும் முதுகுக்கு அடியிலும் போனவற்றை அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. எவ்வளவு நேரமாக அப்படிக் கிடந்தாரோ தெரியாது.

“ஐயோ, இன்னாங்க இது! வலிக்குதா?”

அவர் தலையை ஆட்டினார். வலிக்கவில்லை. அந்தக் கையில் அவருக்கு ஒன்றுமே தெரியாது. தன் கையை எறும்பு தின்பதைக் கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார்.

ஷோபனாவுக்கு அழுகைதான் வந்திருக்க வேண்டும். கோபம் வந்தது. எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

“ஒரு டம்ளரு. ஒரே ஒரு டம்ளரு. அதக் கூட ஒழுங்காப் புடிக்க முடியாதா உன்னால? நான் ஒருத்தி எத்தினிய பாக்கறது?”

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. இருபத்தைந்து வருஷத்தில் அவள் அவரை ‘உன்னால’ என்று சொன்னதில்லை. டில்லிபாபு கண்ணை மூடிக்கொண்டார்.

குடம் தண்ணீரைக் கொண்டுவந்து கையைக் கழுவினாள். அவரைப் புரட்டி, முதுகைத் துடைத்து, விரிப்பைச் சுருட்டி வாசலில் எறிந்தாள். தடிப்புகள் வரிசை வரிசையாகக் கிளம்பின. தேங்காய் எண்ணெய் தடவினாள். அப்புறம் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுவிட்டு, பக்கெட் நிரம்பி வழிகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

மத்தியானம் கட்டிலின் நான்கு கால்களுக்கும் அடியில் பிளாஸ்டிக் கிண்ணங்களை வைத்துத் தண்ணீர் ஊற்றினாள். அரக்கோணத்தில் இருக்கிற மகளுக்கு போன் செய்தாள். செய்திருக்க வேண்டாம் என்று பிறகு தோன்றியது.

துர்கா ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வந்து இறங்கினாள். கையில் பூச்சி மருந்து ஸ்பிரே இரண்டு பாட்டில். அப்பாவின் கையைப் பார்த்ததும் அவளுக்கு முகம் கோணிவிட்டது. “நைனா, நைனா” என்று கையைத் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள். பிறகு புடவையைச் செருகிக்கொண்டு அடுப்படிக்குள் போய், மேடை, அலமாரி, கேஸ் அடுப்பின் அடி, ஜன்னல் கட்டை எல்லா இடத்திலும் அடித்தாள். நெடி ஹாலுக்கு வந்தது. டில்லிபாபு இருமத் தொடங்கினார். படுத்தபடி இருமுகிறவருக்குச் சளி வெளியே வராது, உள்ளேயே அடைத்துக்கொள்ளும். ஷோபனா ஓடிவந்து அவரை நிமிர்த்தி உட்கார வைத்து முதுகைத் தட்டினாள். முகம் கறுத்து, கண்ணில் நீர் வழிந்து, கால்மணி நேரம் ஆயிற்று அடங்க.

“போதும்மா. அத ஓரமா வெச்சிடு” என்றாள் ஷோபனா.

“அப்ப எறும்பு எப்படிம்மா போவும்? பாரு, அலமாரி கீழ எல்லாம் எத்தினி நாளு தூசி கீது. மாவு சிந்தி அப்படியே கெடக்குது. வூட்டக் கொஞ்சம் சுத்தமா வெச்சிக்கினா இந்த மாதிரி ஆவாதுல்ல?”

துர்கா அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அப்பாவின் கையைப் பார்த்த வயிற்றெரிச்சலில் வந்த பேச்சு. ஷோபனாவுக்கு அது தெரியும். ஆனாலும் கல்யாணத்துக்கு முன்பு இந்தப் பெண் சாப்பிட்ட தட்டைக் கூட நகர்த்தினதில்லை என்பது நினைவுக்கு வந்தது. “ஆங், சுத்தமா வெச்சிக்கறேன்” என்று மட்டும் சொன்னாள். அலமாரியின் அடியைப் பெருக்கினாள். மத்தியானம் கோழிக் குழம்பு வைத்தாள். மாலையில் துர்காவைத் தெருமுனை வரைக்கும் போய் ஆட்டோ ஏற்றிவிட்டாள். ஆட்டோவில் ஏறுவதற்கு முன்னால் துர்கா, “நீ ரொம்ப எளைச்சிட்டம்மா” என்றாள். அதற்கும் ஷோபனா ஆங் என்றாள்.

திங்கட்கிழமை எறும்பே இல்லை. செவ்வாய்க்கிழமை காலை ஜன்னல் மூலையில் நான்கு வந்தன. சாயங்காலம் கோடு சேர்ந்துவிட்டது.

அது கூடப் பரவாயில்லை. கிண்ணங்களில் தண்ணீர் குறையாமல் நின்றிருக்க, கட்டிலின் மேலேயே இரண்டு எறும்புகள் ஊர்ந்தன. ஷோபனா விரிப்பை உதறினாள். தலையணையைத் தட்டினாள். எங்கிருந்து ஏறுகின்றன என்று தெரியவில்லை. டில்லிபாபு இடது கையைத் தூக்கி, தலைக்கு மேலே எதையோ காட்டினார்.

“செ… செவ…”

“இன்னா? ஃபேனா?”

“வேணா. செவ… செவ…”

“பசிக்குதா?”

அவர் உள்ளங்கையால் கட்டிலை அடித்தார். ஷோபனா அப்புறம் பார்க்கலாம் என்று நகரத்தான் போனாள். அந்த வலது கையின் தடிப்புகள், இப்போது கறுத்துப் பொருக்காகியிருந்தவை, கண்ணில் பட்டன. நின்றாள். அவர் காட்டின திக்கில் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

“செவுரா?”

“ஆங்! ஆங்!”

கட்டிலின் தலைமாடு சுவரோடு ஒட்டியிருந்தது. அடுப்படி நிலைக்கு மேலே ஏறி, சுவர் மூலையில் திரும்பி, சுண்ணாம்பு உரிந்த தடத்தோடு கீழே இறங்கி, தலைமாட்டுச் சட்டத்தைத் தொட்டது அந்தக் கோடு. காலுக்குத் தண்ணீர் வைத்து என்ன பிரயோஜனம்? அவள் நிற்கிற உயரத்தில் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடி ஸ்டாண்டின் நிழல் மறைத்துவிடும். படுத்திருக்கிறவருக்குப் பளிச்சென்று தெரியும்.

“எத்தினி நாளா உங்களுக்குத் தெரியும்?”

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். ஆடி பிறந்ததிலிருந்தே அவர் எதையோ காட்டிக்கொண்டுதான் இருந்தார் என்பது ஷோபனாவுக்கு அப்போது உறைத்தது. பசியா, ஒண்ணுக்கா, ஃபேனா.

பக்கத்து வீட்டு ஆனந்தனைக் கூப்பிட்டு இரண்டு பேருமாகக் கட்டிலை நகர்த்தினார்கள். சுவரை விட்டு இரண்டடி தள்ளிப் போட வேண்டியிருந்தது. ஹால் சின்னது. எப்படிப் போட்டாலும் இடித்தது. கடைசியில் கட்டிலைக் குறுக்காகத் திருப்பி, டில்லிபாபுவின் முகம் அடுப்படி வாசலைப் பார்க்கிற மாதிரி போட்டார்கள். விரிப்பு தரையில் தொங்காமல் மடித்துச் செருகினாள்.

மறுநாள் சாயங்காலம் அவள் மேடையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது ஹாலிலிருந்து குரல் வந்தது.

“பௌ… பௌ…”

ஷோபனா வந்து நின்றாள். “பாலா?” இல்லை. “பல்லு வலிக்குதா?” இல்லை. “பஸ்ஸா? பஸ்காரங்க யாருனா வந்தாங்களா?” இல்லை, இல்லை. அவர் அடுப்படியைக் காட்டினார். இடது கையின் ஆள்காட்டி விரலைக் கட்டை விரலில் மடக்கிச் சுண்டினார். மறுபடியும் சுண்டினார். எறும்பைச் சுண்டிவிடச் சொல்கிறார் போல என்று அவள் நினைத்தாள். “லட்சம் கீது, எத்தினிய சுண்டறது?” என்றாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

படுத்த பிறகும் அந்தச் சுண்டல் அவள் கண்ணை விட்டுப் போகவில்லை. அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் ரவை கிளறிக்கொண்டிருக்கும்போது சுதாவிடம் சொன்னாள். சுதா கரண்டியை வைத்துவிட்டு அதே மாதிரி விரலைச் சுண்டிப் பார்த்தாள். “எங்க வூட்டுக்காரு இப்பிடித்தான் சுண்டும், கேரம் போர்டு ஆடறப்ப” என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் ஷோபனா செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

“கேரம் போர்டா?”

டில்லிபாபுவின் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு சிரித்தது. “ஆங்!”

பஸ் ஓட்டின காலத்தில் டிரைவர்கள் சங்கத்து அறையில் கேரம் ஆடுவார். ஒரு பொங்கலுக்குப் பரிசாகக் கொடுத்த போர்டு வீட்டில் பரண் மேல் கிடந்தது. ஷோபனாவுக்கு அலுப்பாக இருந்தது. மனுஷனுக்கு விளையாட ஆசை வந்திருக்கிறது. யாரோடு ஆடுவார், எப்படி ஆடுவார்? ஸ்டூல் போட்டு ஏறி, தூசியைத் தட்டி, போர்டை இறக்கி அவர் மடியில் சாய்த்தாள்.

அவர் போர்டை ஒதுக்கினார். அதோடு கட்டியிருந்த துணிப் பையைப் பிடித்து இழுத்தார். காய்களோடு ஒரு பவுடர் டப்பாவும் உள்ளே இருந்தது. டப்பாவை எடுத்து அடுப்படிப் பக்கம் நீட்டினார்.

“பௌ… டர்.” மூச்சு வாங்கிக்கொண்டு, “சக்… கர.”

ஷோபனா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். பவுடர். சக்கரை. “பவுடரையும் சக்கரையையும் கலக்கச் சொல்றீங்களா? எறும்புக்கா?”

“ஆங். டீ… டீ கொட்… போர்டு… எறு…” அவர் கையை மல்லாத்தி அசையாமல் வைத்துக் காட்டினார். செத்துப்போச்சு.

கேட்டுக் கேட்டு அரைமணி நேரத்தில் விஷயம் முழுசாக வந்தது. எப்போதோ ஒரு தடவை சங்கத்தில், பவுடர் போட்ட போர்டின் மேல் யாரோ சர்க்கரை டீயைக் கொட்டிவிட்டு அப்படியே பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் எறும்பு மொய்த்தது. அதற்குப் பிறகு அந்த அறையில் எறும்பே வரவில்லை. இதைச் சொல்வதற்கு அவருக்கு முன்னெல்லாம் ஒரு நிமிஷம் ஆகியிருக்கும், கண்டக்டர் யார், டீ யாருடையது என்பதெல்லாம் சேர்த்து. இப்போது ஏழெட்டு வார்த்தைத் துண்டுகளில் சொன்னார். வேர்த்துவிட்டது.

டப்பாவின் லேபிளில் போரிக் பவுடர் என்று போட்டிருந்தது. சமையல் செய்கிற இடத்தில் கண்டதையும் வைக்க ஷோபனாவுக்குப் பயம். டப்பாவை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டு மெடிக்கலுக்குப் போனாள். கடைக்காரர் பரணிதரன் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது எறும்பு மருந்துதாங்க. ஆனா வாய்க்குள்ள போவக்கூடாது. சாப்பாட்டு ஏனத்துல கலக்காதீங்க. கொழந்தைங்க இருக்குதா வூட்டுல?”

“இல்ல. நாங்க ரெண்டு பேருதான்.”

“அப்ப மேடை மேல வெக்காம ஓரமா வெச்சிட்டு, கைய நல்லாக் கழுவிடுங்க. யாரு சொன்னாங்க உங்களுக்கு?”

“எங்க வூட்டுக்காரரு” என்றாள் ஷோபனா. அவர் படுத்த படுக்கையாகக் கிடப்பது பரணிதரனுக்குத் தெரியும். மாத்திரை வாங்கவே அவள் வாராவாரம் வருகிறவள். டப்பாவை அவளிடம் நீட்டினார்.

தேங்காய்ச் சிரட்டை ஒன்றில் பவுடரைத் தாராளமாகக் கொட்டி, சர்க்கரையும் வெந்நீரும் விட்டுக் குழப்பி, பஞ்சில் நனைத்து ஜன்னல் மூலையில் வைத்தாள். எறும்புகள் வந்தன. பஞ்சைச் சுற்றி நின்று யோசித்தன. வழியை மாற்றிக்கொண்டு போய்விட்டன. அவ்வளவுதான், இதுவும் ஆகவில்லை.

“கம்… மி” என்றார் டில்லிபாபு கட்டிலிலிருந்து. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு சிட்டிகை காட்டினார்.

வேறு சிரட்டையில் மூன்று ஸ்பூன் சர்க்கரைக்கு ஒரு ஸ்பூன் பவுடரைப் போட்டுக் கலக்கினாள். அதற்கும் அவர் திருப்திப்படாமல் கையை ஆட்டினார். இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டாள். பஞ்சை நனைத்து வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

அன்றைக்கு மாலை அவள் பார்த்தது போல அதற்கு முன் பார்த்ததில்லை. சுவரிலிருந்து, ஜன்னல் கட்டையிலிருந்து, மேடைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த வெடிப்பிலிருந்து, எங்கெங்கிருந்தோ வந்து பஞ்சை மூடிவிட்டன. வெள்ளையே தெரியவில்லை. சிரட்டையின் வெளியே வரைக்கும் அடை மாதிரி அப்பிக்கொண்டிருந்தன. அந்தக் கை நினைவுக்கு வந்தது. கரித்துணியை நனைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

“வேணா! வேணா!”

அவ்வளவு சத்தமாக அவர் பேசி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

“பாத்துக்கினே இருக்க முடியலங்க.”

“வு… வுடு. எத்… எத்துனு… போவும்.”

எடுத்துக்கொண்டு போகட்டும், விடு. கொல்லாதே, அவை வீட்டுக்குக் கொண்டு போகட்டும். ஷோபனா துணியைக் கீழே போட்டாள். எது வந்தாலும் துடை, கழுவு, விரட்டு என்றே ஓடிக்கொண்டிருந்தவளுக்குச் சும்மா இருப்பது பெரிய கஷ்டமாக இருந்தது. மேடையில் சமைக்காமல், அடுப்பைத் தூக்கி ஹாலின் ஓரத்தில் வைத்து ஒரு ரசமும் அப்பளமும் செய்தாள். இரண்டு பேரும் அதையே சாப்பிட்டார்கள்.

மூன்று நாள் அப்படிப் போயிற்று. காலையில் பஞ்சை நனைத்து வைத்துவிட்டுப் போவாள். ஒன்பது மணிக்கு வந்து, “எப்பிடி?” என்று கேட்பாள். கஞ்சி வைத்துவிட்டுப் போவதை நிறுத்தியிருந்தாள், வந்த பிறகு தானே ஊட்டினாள். அதனால் அவர் பசியோடுதான் இருப்பார். ஆனாலும் முதலில் எறும்புச் சமாசாரம்தான். முதல் நாள், “ஜாஸ்தி” என்றார். இரண்டாம் நாளும் “ஜாஸ்தி.” மூன்றாம் நாள் உதட்டைப் பிதுக்கி, “கம்மி” என்றார். எந்தப் பக்கம் குறைந்தது, எந்தப் பக்கம் இன்னும் வருகிறது என்று விரலால் காட்டினார். வெடிப்புப் பக்கம்தான் தொடர்ந்து வந்தன. சிரட்டையை அங்கே நகர்த்தச் சொன்னார். நகர்த்தினாள்.

ஐந்தாம் நாள் பஞ்சில் ஒன்றிரண்டு எறும்புகள் போதை ஏறினவை மாதிரி தள்ளாடிக்கொண்டிருந்தன. ஆறாம் நாள் பஞ்சு வெள்ளையாக இருந்தது. இன்னும் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஷோபனா வொயிட் சிமெண்ட்டைக் குழைத்து மேடை வெடிப்பையும் ஜன்னல் மூலையையும் பழைய ஸ்பூனால் அடைத்தாள். சிரட்டையைத் தூர எறிந்து, மேடையை மூன்று தடவை கழுவினாள். அடுப்பு பழைய இடத்துக்குப் போயிற்று.

துர்கா போன் செய்தாள். “எறும்பு போச்சாம்மா?”

“போச்சு.”

“நான் அடிச்ச ஸ்பிரேதானே?”

“இல்ல. உங்க நைனாதான் ஒழிச்சாரு.”

“நைனாவா? அது எப்பிடி?”

ஷோபனாவுக்கு நீட்டி முழக்கத் தெம்பில்லை. “வந்தா அவரையே கேளு. மெல்லமாச் சொல்லுவாரு. நீ உக்காந்து கேக்கணும்” என்றாள். துர்கா மெதுவாக, “அன்னிக்கு சுத்தம் கித்தம்னு நான் எதோ பேசிட்டேம்மா” என்றாள். “அது கெடக்கட்டும்” என்றாள் ஷோபனா. உண்மையிலேயே கிடக்கட்டும் என்றுதான் இருந்தது. அதைத் தூக்கிச் சுமக்க அவளிடம் இடமில்லை.

இதெல்லாம் நடந்து விட்டதால் ஷோபனாவின் பாடு குறைந்துவிடவில்லை. காலையில் ஐந்து மணிதான். அறுபத்துநான்கு பிள்ளைகள்தான். டில்லிபாபுவின் வலது கை அப்படியேதான் கிடந்தது. பேச்சில் கொஞ்சம் தெளிவு வந்திருக்கிறது என்று பிசியோதெரபிக்கு வருகிற பெண் சொன்னாள், எறும்புக்காகக் கத்திக் கத்தி வந்ததோ என்னவோ. ஷோபனா ஒரு நாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, “அன்னிக்கு உங்கள நான் அப்பிடிப் பேசினேனே” என்று தொடங்கினாள். அவர் இடது கையை ஆட்டி, “வேணா” என்றார். அதோடு சரி.

கட்டிலைப் பழையபடி திருப்பிப் போடலாமா என்று ஆனந்தன் கேட்டபோது டில்லிபாபு ‘வேணா’ என்றுவிட்டார். அடுப்படி தெரிகிற மாதிரியே இருக்கட்டும் என்று கையால் காட்டினார். அதனால் ஷோபனாவுக்கு ஒரு புதுத் தலைவலி வந்து சேர்ந்தது. குழாய் சொட்டினால் கூப்பிடுவார். ஜன்னலில் பல்லி வந்தால் கூப்பிடுவார். புளியை எடுத்த கையோடு டப்பாவை மூடாமல் விட்டால் கூப்பிடுவார். சில நாள் அவளுக்கு, இவர் ஒன்றும் பேசாமல் இருந்தபோதே நிம்மதியாக இருந்ததோ என்று கூடத் தோன்றும். தோன்றின மறுகணமே வெட்கமாக இருக்கும்.

புரட்டாசியில் ஒரு சாயங்காலம். வெளியே தூறிக்கொண்டிருந்தது. ஷோபனா அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பின்பக்கம் துணி எடுக்கப் போயிருந்தாள்.

“ஷோ… பா! பா… பால்!”

துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். பால் பொங்கவில்லை. ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ் கூட வரவில்லை.

“இன்னும் நேரம் கீதுங்க” என்றாள் மூச்சு வாங்க.

“ஆங்” என்றார் அவர், அதில் தப்பொன்றும் இல்லை என்பது போல.

திரும்பப் பின்பக்கம் போகக் கால் வரவில்லை. துணி நனைந்தால் நனையட்டும் என்று கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சட்டத்தில் தலையைச் சாய்த்தாள். இரண்டு பேரும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, பால் பொங்கட்டும் என்று இருந்தார்கள்.